பாரி எப்படி வீட்டுக்குப் போனான்?



இத்தொடரில் இதற்கு முன்னரும் சில தடவை உங்களோடு பேசியிருக்கிறேன். அப்போதெல்லாம் நூல்களைப் பற்றியும் புலவர்களைப் பற்றியும் பேசினேன். இன்று ஒரு மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இலக்கிய நிகழ்ச்சியில் மோட்டார் சைக்கிளுக்கு என்ன அலுவல் என்று உடனே வானொலியை நிறுத்திவிட வேண்டாம். நம் பழைய பாட்டுகளில் தேர்கள் ஓடிய ஓட்டம் கொஞ்சமன்று. அந்தத் தேர்களின் வழியாகத்தான் நானும் இந்த விடயத்துக்கு வந்து சேர்ந்தேன்.

2024ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒருநாள், தரம் 10 வகுப்பிலே கடையெழு வள்ளல்களைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பற்றிப் படரக் கொம்பில்லாமல் தவித்த முல்லைக் கொடிக்குப் பறம்பு மலைத் தலைவன் பாரி தன் தேரை ஈந்த கதை உங்களுக்குத் தெரியும். கபிலர் அதைப் புறநானூற்றில் சொல்லியிருக்கிறார். சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனாரும் சொல்லியிருக்கிறார். இருபது ஆண்டுகளாக இந்தக் கதையை ஒரே மாதிரி உருக்கத்தோடு சொல்லி வருகிறேன். உருகுகின்ற இடத்தில் குரலைத் தாழ்த்துவேன். அன்றும் தாழ்த்தினேன். பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"சேர், தேரைக் குடுத்திட்டுப் பாரி எப்பிடி வீட்டை போனவர்?"

வகுப்பு சிரித்தது. நான் பயிற்றப்பட்ட பட்டதாரி ஆசிரியன். மாணவனுடைய கேள்விக்கு விடை தெரியாவிட்டால் அதையே வகுப்பினரிடம் திருப்பிக் கேட்க வேண்டும் என்பது பயிற்சியில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டவற்றுள் ஒன்று. ஆகவே, "நீங்களே சொல்லுங்கள்" என்றேன். ஒருவன், குதிரையை அவிழ்த்து அதில் ஏறிப் போயிருப்பார் என்றான். இன்னொருவன், பறம்பு மலை கிட்டத்தான் சேர், நடந்து போயிருப்பார் என்றான். மூன்றாமவன், ராசாதானே, வேறு தேர் வந்திருக்கும் என்றான். இந்த மூன்றாவது விடை என்னைக் குத்தியது. வேறு தேர் வருமென்று தெரிந்தவன் தேரைக் கொடுப்பதில் என்ன பெருமை இருக்கிறது?

கேள்வி கேட்டவன் சிரிக்கவில்லை என்பதையும் கவனித்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏன் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அதைச் சொல்வதற்கு நான் இரண்டு மாதம் பின்னே போக வேண்டும்.

என் ஊர் கோண்டாவில். திருமணத்தின் பின் வடமராட்சியில் வாழ்கிறேன். படிப்பிப்பதோ யாழ்ப்பாண நகரத்தில். போக ஏறத்தாழப் பதினைந்து மைல், வரப் பதினைந்து மைல். பருத்தித்துறை வீதியால் வந்து வல்லை வெளியைக் கடந்து, ஆவரங்கால், புத்தூர், நீர்வேலி, கோப்பாய், இருபாலை என்று நகரத்துக்குள் நுழைவது என் நாளாந்த யாத்திரை. பதினான்கு ஆண்டுகளாக இதை மோட்டார் சைக்கிளிலேதான் செய்தேன்.

வல்லை வெளியை அறியாத நேயர்களுக்காக ஒரு சொல். வடமராட்சிக்கும் வலிகாமத்துக்கும் இடையே மரமில்லாத உவர் நிலம் அது. காற்றை மறிக்க ஒரு வேலிகூட இல்லை. சோளகக் காலத்தில் காற்று பக்கவாட்டில் வந்து வண்டியைத் தள்ளும். அந்தத் தள்ளலுக்கு எதிராக உடம்பைச் சாய்த்துக்கொண்டுதான் ஓட வேண்டும். மாரியில் இரு மருங்கும் நீர் நிறைந்து, கொக்கும் நாரையும் நிற்கும். அதிகாலை ஆறரை மணிக்கு அந்த வெளியில் தனியே போவதிலே ஓர் இன்பம் இருக்கிறது. மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் இருந்து, நாற்பது நிமிடத்துக்கு ஒரு தடவை வகுப்பு மாறுகிற சீவியம் என்னுடையது. வீட்டிலும் பாடசாலையிலும் யாரோ ஒருவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பர். வல்லை வெளியில் எவரும் கூப்பிடமாட்டார்கள். இந்த இன்பத்தை நான் மறைக்க விரும்பவில்லை. இதை மறைத்துவிட்டால் விடுவதா, தொடர்வதா என்ற கேள்வியே வெறும் கேள்வியாகிவிடும்.

அந்தத் தனிமையில் நான் யோசிப்பேன். பாடத்தை யோசிப்பேன், எழுதப் போவதை யோசிப்பேன். நான் எழுதியவற்றுள் நல்ல வசனங்களென்று எவையாவது இருந்தால் அவை மேசையில் இருந்து எழுதியவை அல்ல.

2024 ஆவணி மாதத்தில் ஒருநாள், மேலதிக வகுப்பு முடிந்து திரும்பிக்கொண்டிருந்தேன். நேரம் ஆறே காலைத் தாண்டிவிட்டது. வாழைத் தோட்டங்கள் நிறைந்த ஊர் ஒன்று. பெயர் சொல்ல வேண்டாம் என்று எனக்குக் கட்டளை. வாழைத் தோட்டம் என்றவுடனேயே வலிகாமத்தார் ஊகித்துவிடுவார்கள் என்பது வேறு. அங்கே ஓர் ஒழுங்கையிலிருந்து ஒரு முதியவர் சைக்கிளில் இரண்டு வாழைக்குலைகளைக் கட்டிக்கொண்டு வீதிக்கு ஏறினார். சைக்கிளுக்கு லைற் இல்லை. நான் நாற்பது, நாற்பத்தைந்துக்கு மேல் ஓடவில்லை. பிறேக்கைப் பிடித்தேன். ஆனாலும் என் வண்டியின் முன்சில்லு அவருடைய சைக்கிளின் பின்பக்கத்தில் மோதியது. அவர் விழுந்தார். குலைகள் சிதறின. நானும் விழுந்தேன். எனக்கு முழங்கையில் தோல் உரிந்ததோடு சரி. அவருக்கு இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

அயலவர்கள் கூடினார்கள். கூடியவர்கள் எல்லோரும் ஒரே தீர்ப்பைத்தான் சொன்னார்கள். "பிழை பெரியவரிலைதான். லைற்றும் இல்லாமல் பாராமல் ஏறினால் மாஸ்ரர் என்ன செய்யிறது?" அடுத்த நாள் ஆசிரியர் அறையிலும் அதே தீர்ப்பு. என் வீட்டிலும் அதுதான்.

ஆனால் நேயர்களே, நான் வீதியைப் பார்த்துக்கொண்டு வரவில்லை. கண் வீதியில் இருந்தது, மனம் வேறிடத்தில் இருந்தது. இதே தொடரில் நான் முன்னர் வாசித்த உரை ஒன்றின் முதல் வசனத்தை மனத்துக்குள் திருத்திக்கொண்டு வந்தேன். ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தேன். வசனம் பொருந்தி வந்த அந்தக் கணத்தில்தான் வாழைக்குலை என் கண்ணில் பட்டது. அவர் ஒழுங்கை முகப்பிலே சற்று நேரம் நின்றுதான் ஏறியிருக்கிறார். முழுக் கவனத்தோடு வந்திருந்தால் இருபது யார் முன்னதாகவே நான் கண்டிருப்பேன். அந்த வசனம் நன்றாக அமைந்தது. உங்களிற் சிலர் அதைக் கேட்டுமிருப்பீர்கள்.

முச்சக்கர வண்டியில் ஏற்றி அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனேன். அங்கே பொலிஸார் வந்து விபரம் எழுதினார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன் பெரியவர் சொன்னார்: "குலை ஒரு பக்கம் பாரம் கூடிப் போச்சு. சறுக்கி விழுந்திட்டன். இந்த மாஸ்ரர் பின்னாலை வந்தவர், தூக்கிக்கொண்டு வந்தவர்." எழுதியவர் என்னைப் பார்த்தார். நான் பேசாமல் நின்றேன். அவர் எழுதி முடித்துக்கொண்டு போய்விட்டார்.

வெளியே வந்ததும், "ஏன் ஐயா அப்படிச் சொன்னீர்கள்?" என்று கேட்டேன். "என்ர பேரன் உங்களிட்டைத்தான் படிக்கிறான்" என்றார். "கோடு, கச்சேரி எண்டு நீங்கள் அலைஞ்சால் ஆருக்கு நட்டம்?"

எத்தனையோ தடவை வாய்மை அதிகாரத்தைப் படிப்பித்தவன் நான். குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்திலே வைக்கப்படும் என்று வள்ளுவர் ஒரு சலுகை தந்திருக்கிறார் அல்லவா? பெரியவர் சொன்ன பொய்க்கு அந்தச் சலுகை பொருந்தலாம். அவர் அடுத்தவனுக்காகச் சொன்னார். ஆனால் அந்தப் பொய்யின் நிழலில் நின்ற என் மௌனத்துக்கு அது பொருந்தாது. அதன் நன்மை முழுவதும் எனக்கு வந்தது.

மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போய், பொலிஸ் நிலையத்தில் உண்மையைச் சொல்லப் போவதாகச் சொன்னேன். தாழ்வாரத்தில் கதிரையில் கையைத் தூக்கிக் கட்டியபடி இருந்தார். கோபம் வந்துவிட்டது. "எழுபது வயதிலை என்னைப் பொய்யனாக்கப் போறீங்களோ?" என்றார். அந்தக் கோணத்தில் நான் யோசித்திருக்கவில்லை. காசு கொடுத்தேன், வாங்கவில்லை. தோட்டத்துக்கு இறைக்க ஆள் பிடித்துக் கூலி கொடுக்கிறேன் என்றேன். மருமகன் பார்த்துக்கொள்வான் என்றார். வைத்தியசாலைக்குப் போய்வர ஓட்டோவுக்குக் கொடுக்க மட்டும் சம்மதித்தார்.

ஆகவே எனக்கென்று மிஞ்சியது ஒன்றுதான். வண்டியை விட்டுவிடுவது. யாரும் விதிக்காத தண்டனையை நானே எனக்கு விதித்துக்கொண்டேன். நெளிந்த ஹான்டிலோடு மோட்டார் சைக்கிளை மாமரத்தின் கீழ் நிறுத்திச் சாக்கினால் மூடினேன்.

அந்த நாள்களில் பெரியபுராணத்திலே மனுநீதிச் சோழனின் கதையை மறுபடி எடுத்துப் படித்தேன். திருவாரூர் வீதியில் அரசிளங்குமரன் தேரேறிப் போகிறான். பசுக்கன்று ஒன்று துள்ளி வந்து சில்லில் அகப்பட்டு மடிகிறது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைக்கிறது. சிலப்பதிகாரத்திலே கண்ணகி பாண்டியன் அவையில் தன் ஊரை அறிமுகஞ் செய்கையில், புறாவுக்காகத் தன் உடலை அரிந்த அரசனை அடுத்து இந்தச் சோழனைத்தான் சொல்கிறாள். சேக்கிழார் நியாயமான வழக்கறிஞர். அரசகுமாரன் வேண்டுமென்று ஓட்டவில்லை, கன்று யாரும் அறியாமல் உள்ளே புகுந்துவிட்டது என்பதையெல்லாம் பதிவுசெய்கிறார். அமைச்சர்களும் அதையே எடுத்துச் சொல்கிறார்கள். கிட்டத்தட்ட எங்கள் ஆசிரியர் அறைத் தீர்ப்புத்தான். "பிழை கன்றிலைதான்" என்று அவர்கள் சொல்லாதது ஒன்றே குறை. அரசன் அதை ஏற்கவில்லை. பின் இறைவன் தோன்றுகிறார். கன்றும் மைந்தனும் அமைச்சனும் எழுகிறார்கள். அதன் பிறகு அந்த இளவரசன் மறுபடியும் தேரேறினானா என்பதைச் சேக்கிழார் சொல்லவில்லை. எனக்கோ அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

இனி என் தந்தையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் மோட்டார் சைக்கிளோடு இப்படி ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் அவர்தான். அவர் ஒரு தபால் அதிபர். அவரிடம் ஹொண்டா எம்.டி. 90 ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்தில் அந்த வண்டியைத் தெரியாதவர் இல்லை. கிளச் பிடி இல்லாதது, மூன்று கியர், மாட்டு வண்டி போகிற ஒழுங்கையெல்லாம் போகும். யப்பானிலே தபாற்காரர்களுக்கென்று செய்த வண்டி அது என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். தபால் அதிபருக்குத் தபால் வண்டி தேடி வந்து சேர்ந்தது என்று வீட்டில் சொல்லிச் சிரிப்போம்.

1990க்குப் பின் பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டில் பெற்றோல் அரும்பொருளாயிற்று. வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. அப்பா ஒரு சிறு போத்தலில் பெற்றோல் வைத்திருப்பார். அதில் சில துளியைக் கார்புரேற்றருக்குள் விட்டு, வண்டியை உதைத்து எழுப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓடவிடுவார். பின்னால் வெள்ளைப் புகை எழும்பும். பிளக்கிலே கரி பிடித்துவிடும். வழியில் இரண்டு தடவையாவது இறங்கிப் பிளக்கைக் கழற்றித் துடைக்க வேண்டும். அவர் மடியில் எப்போதும் ஒரு சீலைத்துண்டு இருக்கும். இன்றும் மண்ணெண்ணெய்ப் புகை மணம் வந்தால் எனக்கு அப்பாவின் முதுகு நினைவுக்கு வரும். அந்த முதுகைப் பிடித்துக்கொண்டுதான் நான் பாடசாலைக்குப் போனேன்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சி நோக்கிப் போனதை நான் விபரிக்கத் தேவையில்லை. எனக்கு அப்போது பதினான்கு வயது. மழை. சனத்துக்குள் வண்டி ஓட இடமில்லை. ஓடுவதற்கு எண்ணெயும் இல்லை. அப்பாச்சி நடக்க ஏலாதவர். அப்பா அவரை எம்.டி. 90இன் இருக்கையில் இருத்தி, ஹான்டிலைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் பின்னாலே கரியரைப் பிடித்துத் தள்ளினேன். நாவற்குழிப் பாலத்தில் அடிக்கு அடி நின்று நின்று போனோம். பக்கத்தில் ஒரு சில்லு உருண்டு யாருடைய காலிலாவது பட்டுவிட்டால், பட்டவர்தான் "பரவாயில்லை, போங்கோ" என்பார். விடிந்த பிறகும் பாலத்தின் கரையை அண்டிக்கொண்டிருந்தோம். அப்பாச்சி இடையிடையே, "தம்பி, வண்டியை விட்டிட்டு நீங்கள் போங்கோ" என்றார். வண்டியை என்றுதான் சொன்னார். தன்னை என்று சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் விளங்கிற்று. அப்பா பதில் சொல்லாமல் தள்ளிக்கொண்டே போனார். அவர் அந்த வண்டியை ஓட்டிய எத்தனையோ நாள்களில் எனக்கு நன்றாக நினைவிருப்பது அது ஓடாத அந்த இரவுதான்.

அப்பா ஒருநாளும் நாற்பதுக்கு மேல் ஓடியதில்லை. ஓடும்போது பேசவும் மாட்டார். நான் பின்னாலிருந்து ஏதாவது கேட்டால், "இறங்கினாப் பிறகு கேள்" என்பார். அப்போது அதைக் கடுகடுப்பு என்று எண்ணினேன்.

சரி, வண்டியை விட்டாயிற்று. பஸ்ஸிலே போகத் தொடங்கினேன். முதல் இரு கிழமையும் ஒருவகைப் பெருமிதம் இருந்தது. பஸ்ஸில் மனிதர்கள் இருக்கிறார்கள். சந்தைக்குப் போகும் ஆச்சிமாரின் பேச்சில் ஒரு சிறுகதைக்கு வேண்டிய அத்தனையும் இருக்கிறது. 2022இல் எரிபொருள் அட்டை வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று மட்டுப்படுத்தியபோதும் நான் பஸ்ஸில் போனதுண்டு. அன்று வேறு வழியில்லாமல் போனேன். இப்போது விரும்பிப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் கிழமை கணக்கு வேறு மாதிரி வந்தது. ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிப்பதற்காக மனைவி நான்கு மணிக்கு எழும்பினாள். மாலையில் மகளை ரியூசனிலிருந்து கூட்டிவர நான் இல்லை. பஸ் பிந்தினால் வீடு வந்து சேர ஏழரை. ஒருநாள் மகள் மற்றப் பிள்ளைகள் எல்லோரும் போன பின் படலையடியில் தனியே நின்றிருக்கிறாள். அன்றிரவு மனைவி சொன்னாள்: "இஞ்சேருங்கோ, நீங்கள் பாவம் தீர்க்கிறதெண்டால் தீருங்கோ. அதை எங்கட தலையிலை ஏன் தீர்க்கிறியள்?"

நான் பதில் சொல்லவில்லை. பாரியின் கேள்வி அங்கேதான் இருக்கிறது என்பது பிறகு விளங்கிற்று. பாரி தேரைக் கொடுத்தான். குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தவன் யார்? தேர்ப்பாகன் எத்தனை காதம் நடந்தான்? கபிலருக்கு அவர்களைப் பற்றிக் கவலையில்லை.

மைத்துனரின் யோசனை வேறு. "அத்தான், விக்கிறதெண்டால் இப்ப வில்லுங்கோ. இறக்குமதி திறந்தால் விலை விழுந்திடும்." 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய வண்டிகள் பொன் விலை விற்ற காலம் அது. 2025 தொடக்கத்தில்தான் தடை நீங்கியது. கராஜ்காரத் தம்பி இன்னொரு பக்கம்: "மாஸ்ரர், ஹான்டிலை நிமித்தித் தாறன், கொண்டுவாங்கோ. வண்டி நிண்டால் பழுதாப் போகும். மனிசரும் அப்பிடித்தான்." விற்கவும் மனம் வரவில்லை, நிமிர்த்தவும் மனம் வரவில்லை. சாக்கு மழையில் நனைந்து வெயிலில் காய்ந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த நாட்டில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள். அவர்களுள் மிகப் பெரிய தொகையினர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். எண்ணாகக் கேட்கும்போது அது எண். எனக்கோ, நான் எழுத்துத் திருத்திக் கொடுத்த கையெழுத்துகளாக அது வருகிறது. போர் முடிந்து வீதிகள் அகன்ற பின், என்னிடம் படித்த பையன்களின் செத்தவீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். ஒரு வீட்டில் தாயார் மகனுடைய தமிழ்க் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். "நன்று" என்று என் சிவப்பு மையில் எழுதியிருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு மெதுவாக ஓடுங்கள் என்று சொல்லும் தகுதி எனக்கு இருந்ததாக ஆவணி மாதம் வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

அகநானூற்றின் நான்காவது பாட்டை உயர்தர வகுப்புக்குப் படிப்பித்திருக்கிறேன். குறுங்குடி மருதனார் பாடியது. கார்காலத்தில் தலைவன் திரும்பி வருகிறான். பூவிலே தாதுண்ணும் வண்டுகள் தேர் மணியின் ஒலியால் கலங்கிவிடுமே என்றஞ்சி, மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். அன்பின் மென்மை, முல்லைத் திணையின் உரிப்பொருள், கருப்பொருள் என்று பரீட்சைக்கு வேண்டிய அனைத்தையும் சொல்வேன். ஒன்றை மட்டும் நான் கண்டதில்லை. வீட்டில் காத்திருப்பவளை நினைத்து அவன் மனம் எவ்வளவு விரைந்திருக்கும்! அந்த விரைவுக்குள்ளும் வழியோரத்து வண்டு அவன் கண்ணில் பட்டிருக்கிறது. அவன் தேரை விடவில்லை. வண்டைக் கண்டான், அவ்வளவுதான். எனக்கு இரண்டு வாழைக்குலையே தெரியவில்லை.

ஐப்பசியில் பாரியைப் பற்றிக் கேள்வி கேட்டவன் அந்தப் பெரியவரின் பெயரன் என்பதை இதற்குள் நீங்கள் ஊகித்திருப்பீர்கள். அன்று பாடம் முடிந்ததும் அவனை வெளியே அழைத்தேன். "அந்தக் கேள்வியை ஏன் கேட்டாய்?" என்றேன். என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அவன் பயந்துவிட்டான். "சும்மாதான் சேர். நீங்கள் பஸ்ஸிலை வாறியள்... அதுதான் நினைச்சன்."

"உன் அப்பப்பாவுக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சேர். வகுப்பு முழுக்கத் தெரியும்."

இரண்டு மாதம் நான் அந்த வகுப்பின் முன் நின்றேன். என் மௌனத்தை எவரும் அறியார் என்று நினைத்துக்கொண்டு வாய்மையைப் பற்றியும் பேசினேன். முப்பத்தெட்டுப் பேரும் அறிந்திருந்தார்கள். ஒருவன்கூட முகத்தில் காட்டவில்லை. எனக்கு அன்று மிச்சப் பாடவேளைகளைப் படிப்பிப்பது பெருங் கஷ்டமாக இருந்தது. மறுநாள் வகுப்பில் நடந்ததை நானே சொன்னேன். வசனம் திருத்தியதையும் சொன்னேன், பேசாமல் நின்றதையும் சொன்னேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இடைவேளைக்கு மணியடித்தது.

அந்தக் கிழமை முடிவில் பெரியவரைப் பார்க்கப் போனேன். பிளாஸ்ரர் வெட்டியாயிற்று. விரல்களை மடக்கி விரிக்கப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அதற்காக வியாழக்கிழமைகளில் கிளினிக்குக்குப் போக வேண்டும். ஓட்டோவுக்குக் காசை எடுத்தேன். அவர் வாங்கவில்லை.

"ஏன் மாஸ்ரர் வீண் செலவு? உங்கட மோட்டார் சைக்கிளிலை கூட்டிக்கொண்டு போங்கோவன்."

"நான் இப்போது ஓடுவதில்லை ஐயா."

"ஏன், வண்டி பழுதோ?"

வண்டி பழுதில்லை என்றேன். காரணத்தைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் சைக்கிளை விடேல்லையே" என்றார். "லைற் பூட்டியிருக்கிறன். பேரன்தான் பூட்டினவன்."

கராஜ்காரத் தம்பி ஹான்டிலை அரை மணித்தியாலத்தில் நிமிர்த்திவிட்டான். வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டேன். அவருக்குத் தலைக்கவசம் வாங்கிக்கொண்டு போனேன். கட்டத் தெரியவில்லை, நான் கட்டிவிட்டேன். முதலில் ஒரு காலைத் தூக்கிப் போட்டு, பிறகு என் தோளில் அந்தக் கையை வைத்தார். முறிந்த கை. பிடி இறுக்கமில்லை. ஒழுங்கை முகப்பில், அவர் விழுந்த அதே இடத்தில், நின்று இரு பக்கமும் பார்த்தேன். எவரும் வரவில்லை. ஆனாலும் எனக்கு ஏற மனம் வரவில்லை. பின்னால் ஒரு பஸ்ஸும் இரண்டு லொறியும் போகும்வரை நின்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஏறினேன். இருபதில் ஓடினேன். வேலியோரம் நின்ற கோழி, படலையில் நின்ற குழந்தை, ஒழுங்கைகளின் வாய், எல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பதினான்கு ஆண்டு அந்த வீதியால் போயிருக்கிறேன். அந்த இரண்டு மைலுக்குள் எத்தனை ஒழுங்கைகள் வந்து ஏறுகின்றன என்று அன்றுதான் எண்ணினேன். பதினேழு.

கோப்பாய்க்குக் கிட்டப் போகையில் பின்னாலிருந்து குரல் வந்தது. "மாஸ்ரர், கொஞ்சம் கெதியா ஓடுங்கோ. கிளினிக் மூடிப்போடுவாங்கள்."

இறங்கிய பிறகு பேசுவோம் ஐயா என்றேன்.

இந்த உரையைப் பற்றி அவரிடம் அனுமதி கேட்டேன். "ரேடியோவிலை சொல்லுறதெண்டால் சொல்லுங்கோ. பேரையும் ஊரையும் விடுங்கோ. பொலிஸ்காரர் இலக்கிய நிகழ்ச்சி கேக்கிறேல்லைத்தானே" என்றார். கேட்கிற பொலிஸ் உத்தியோகத்தர் எவராவது இருந்தால் அவர் என்னைத் தேடி வரலாம். பெரியவரை விட்டுவிட வேண்டும்.

மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டேனா என்று வீட்டிலும் ஆசிரியர் அறையிலும் கேட்கிறார்கள். பாடசாலைக்கு இப்போதும் பஸ்ஸில்தான் போகிறேன். மனைவி நான்கு மணிக்கு எழும்புவதை நிறுத்திவிட்டாள். தேநீரை நானே போட்டுக்கொள்கிறேன். மேலதிக வகுப்பை வெள்ளிக்கிழமை ஒருநாளுக்குள் அடக்கிவிட்டேன். மகளை ரியூசனிலிருந்து கூட்டிவருவது மோட்டார் சைக்கிளில். வல்லை வெளியை அதிகாலையில் தனியே கடக்கும் இன்பத்தைப் பற்றி யோசிப்பதில்லை என்று சொன்னால் அது பொய். பஸ் யன்னலால் பார்க்கிறேன். இந்த உரையின் வசனங்களை மேசையில் இருந்துதான் எழுதினேன். கொஞ்சம் கட்டையாக இருப்பது எனக்கும் தெரிகிறது.

நேற்று வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது பெயரன் காத்து நின்றான். "சேர், அப்பப்பா சொல்லச் சொன்னவர். இந்தக் கிழமை கிளினிக் வெள்ளன. ஏழு மணிக்கு வரட்டாம். போனமுறை மாதிரி ஒழுங்கை வாசலிலை அவ்வளவு நேரம் நிக்க வேண்டாமாம்."